நன்தார்ப் ஸ்டேக்ஸ் வெற்றிப் பட்டியல்: எங்கே இடறுகிறது?

ஐந்துபர்லாங்

இங்கிலாந்தில் யார்க் மைதானத்தில் ஆகஸ்ட் மாதம் நடக்கிற நன்தார்ப் ஸ்டேக்ஸ் என்ற ஐந்து பர்லாங் குதிரைப் பந்தயத்துக்கு 1922 முதல் ஒரு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். சில இடங்களில் கணக்கு உதைக்கிறது. அதிக வெற்றி டேக் எண்ட் என்ற குதிரைக்கு மட்டும்தான் என்று ஒரு பட்டியல், ஷார்ப்போவுக்கும் அதே எண்ணிக்கை என்று இன்னொன்று. சாதனை நேரம் 56.16 விநாடி என்று ஒரு இடத்தில், 55.90 என்று வேறொரு இடத்தில். 1997-க்கு இரண்டு பெயர் போட்டிருக்கிறார்கள். இரண்டு வயசுக் குட்டிகள் முதிர்ந்த குதிரைகளோடு ஓடி ஜெயித்ததாகவும் வருகிறது, எடை விஷயத்தில் அது எப்படி நடக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேணப்பட்டை

ஷார்ப்போ விடுபட்டதற்குக் காரணம் பெயர் மாற்றம். 1976 முதல் 1989 வரை 14 வருஷம் இந்தப் பந்தயம் ஸ்பான்சர் பெயரில் வில்லியம் ஹில் ஸ்பிரிண்ட் சாம்பியன்ஷிப் என்று ஓடியது. பழைய பெயரை வைத்துத் தேடினால் அந்த 14 வருஷமும் சிக்காது. டேக் எண்ட் 1928, 29, 30. ஷார்ப்போ 1980, 81, 82. இரண்டுக்கும் மும்மூன்று வெற்றி, அதைத் தாண்டியவர் இன்னும் இல்லை. இரண்டு முறை ஜெயித்தவை பல: அபர்னன்ட் 1949, 50, சோல் பவர் 2010, 2014, மெக்காஸ் ஏஞ்சல் 2015, 16, பட்டாஷ் 2019, 20.

அதே காலத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 1979-இல் கோட்டை முதலில் தாண்டியது தாட்சிங். அதைத் தகுதிநீக்கம் செய்து அஹனூராவுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். கோட்டைத் தாண்டிய வரிசையை மட்டும் பார்த்து எழுதினால் அந்த வருஷம் தப்பாகும். தரவரிசையில் குரூப் 1, அதாவது மிக உயர்ந்த தரப் பந்தயம், ஆனது 1984-இல்தான். அதற்கு முந்தைய வெற்றிகளை குரூப் 1 வெற்றி என்று எழுதிவிடாதீர்கள்.

கடைசிமீட்டர்

நேரத்தைப் பொறுத்தவரை இரண்டு எண்ணும் சரி, வருஷம்தான் வேறு. 1990-இல் டேஜர் 56.16 விநாடியில் முடித்தது. டிக் ஹெர்ன் பயிற்சி, வில்லி கார்சன் சவாரி. 29 வருஷம் அசையாமல் நின்ற அந்த நேரத்தை 2019-இல் பட்டாஷ் 55.90 என்று முறியடித்தது. சார்லி ஹில்ஸ் பயிற்சி, ஜிம் கிரவுலி சவாரி. இரண்டு குதிரைக்கும் சொந்தக்காரர் ஒருவரே, ஷேக் ஹம்தான் அல் மக்தூம். இதே பட்டாஷ் 2017, 2018 இரண்டு வருஷமும் இதே பந்தயத்தில் நாலாவதாக வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த 55.90-இன் அருமை புரியும்.

ஐந்து பர்லாங் என்பது சுமார் 1006 மீட்டர். 55.90 விநாடி என்றால் சராசரி மணிக்கு 64.8 கிலோமீட்டர், அதுவும் நின்ற இடத்திலிருந்து கிளம்பி. டேஜரோடு உள்ள வித்தியாசம் 0.26 விநாடி. அந்த வேகத்தில் அது சுமார் 4.7 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டு லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்).

ஒப்பிடும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். பிரிட்டனில் குதிரைகள் கிளம்பும் கேட் திறந்ததுமே கடிகாரம் ஓடத் தொடங்கும். அமெரிக்காவில் குதிரை கொஞ்ச தூரம் ஓடி வேகம் பிடித்த பிறகே ஓடும், அதனால் அங்கத்திய ஐந்து பர்லாங் நேரங்களை இதே பத்தியில் வைக்கக் கூடாது. நம் ஊர் 1000 மீட்டர் ஓட்டம் ஐந்து பர்லாங்கைவிட ஆறு மீட்டர் குறைவு. அந்த ஆறு மீட்டரே மூன்றில் ஒரு பங்கு விநாடி, டேஜருக்கும் பட்டாஷுக்கும் இருந்த இடைவெளியைவிட அதிகம்.

இடத்துக்கும் தனிப் பத்தி போடுங்கள். 2008-இல் தண்ணீர் தேங்கி யார்க்கின் பந்தயக் கூட்டம் முழுக்க ரத்தானது, பந்தயம் நியூமார்க்கெட்டில் நடந்தது. போர்டர்லெஸ்காட் 2008, 2009 இரண்டிலும் ஜெயித்தாலும் யார்க்கில் ஓடி ஜெயித்தது 2009 மட்டும்தான்.

பிடரிமயிர்

1997-இல் இரண்டு பெயர் இருப்பது சரியே, அது டெட் ஹீட். கோஸ்டல் பிளஃப், யா மலக் இரண்டும் சமம். கேட்டை விட்டுக் கிளம்பியதுமே கோஸ்டல் பிளஃபின் வாய்க்கடிவாளம் உடைந்துவிட்டது. லகானை இழுத்தால் பிடிமானமே இல்லை, கெவின் டார்லி பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு கடைசிவரை ஓட்டினார். யார்க்கின் ஐந்து பர்லாங் வளைவில்லாத நேர்ப்பாதை, ஏறக்குறைய சமதளம். வளைவு இருந்திருந்தால் கடிவாளம் இல்லாத குதிரையைத் திருப்பியிருக்கவே முடியாது.

யா மலக்கை ஓட்டியவர் அலெக்ஸ் கிரீவ்ஸ். பிரிட்டனில் குரூப் 1 ஜெயித்த முதல் பெண் ஜாக்கி அவர், பாதி வெற்றிதான் என்றாலும். பிறகு 2011-இல் மார்காட் டிட் மேல் ஹேலி டர்னர், 2024-இல் பிராட்செல் மேல் ஹாலி டாயில்.

2017-ஐப் பதியும்போது பழைய நேரடி வர்ணனையை நம்பாதீர்கள். லேடி ஆரீலியா ஜெயித்துவிட்டதாக நினைத்து ஃபிராங்கி டெட்டோரி கொண்டாடவே செய்தார், போட்டோவில் மூக்கு நுனி வித்தியாசத்தில் மார்ஷா. முடிவுக் கேமரா முழுக் காட்சியைப் பிடிப்பதில்லை. கோடு இருக்கும் ஒரே இழையை மட்டும் அடுத்தடுத்துப் பதிவு செய்கிறது. மூக்கு அந்த இழையை எப்போது தொட்டது என்பதே கணக்கு, காலோ நெஞ்சோ முன்னால் நீண்டிருந்தாலும் பயனில்லை.

சேணப்பட்டை

இரண்டு வயசுக் கேள்வி பாக்கி. 1992-இல் லிரிக் ஃபேன்டசி என்ற பெட்டைக் குட்டி, 2007-இல் கிங்ஸ்கேட் நேட்டிவ். பின்னது அதுவரை ஒரு பந்தயமும் ஜெயிக்காத குட்டி! வயசு குறைந்த குதிரைக்குச் சுமக்கும் எடையில் சலுகை உண்டு. அன்று அதன் மேல் ஜாக்கியும் சேணமும் சேர்த்து 8 ஸ்டோன் 1 பவுண்டு (ஒரு ஸ்டோன் 14 பவுண்டு), முதிர்ந்த ஆண் குதிரைகளுக்கு 9 ஸ்டோன் 11. வித்தியாசம் 24 பவுண்டு, ஏறக்குறைய 11 கிலோ.

சலுகை அவ்வளவு இருந்தும் ஏன் வருஷாவருஷம் குட்டிகள் வருவதில்லை? 8 ஸ்டோன் 1 என்பது சேணத்தோடு சேர்த்து 51 கிலோ சொச்சம், வழக்கமாக ஓட்டும் ஜாக்கி பெரும்பாலும் அந்த எடைக்கு இறங்க முடியாது. பெட்டைக் குட்டிக்கு இன்னும் 3 பவுண்டு குறையும். அதே கூட்டத்தில் இரண்டு வயசுக்கென்றே கிம்க்ராக், லோதர் என்று ஆறு பர்லாங் பந்தயங்களும் இருக்கின்றன, பயிற்சியாளர்கள் அங்கேதான் போவார்கள். உங்கள் அட்டவணையில் வயசு, சுமந்த எடை இரண்டையும் தனித்தனிப் பத்தியாக வையுங்கள். 2007 வரிசையை அப்படிப் படித்தால்தான் விளங்கும்.