சாப்பாட்டுக்கு முன் செபம்: நம்பிக்கை இல்லாதவன் என்ன செய்வது?

தங்கச்சிமடத்தான்:
எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம், அப்பா விசைப்படகில் போகிறவர். எனக்குக் கடவுள் நம்பிக்கை போய்ப் பல வருடம் ஆகிறது. மனைவிக்குத் தெரியும், அம்மாவுக்கு அரசல்புரசலாகத் தெரியும், அப்பாவிடம் யாரும் சொன்னதில்லை. மற்ற மாதங்களில் அவர் கடலில் இருப்பார், வீட்டில் ஆளுக்கொரு நேரம் சாப்பாடு, அதனால் ஒன்றும் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் படகு கரையில்தான், நானும் பிள்ளைகளோடு மே லீவுக்கு ஊருக்கு வந்துவிடுவேன், ராத்திரி எல்லோரும் தரையில் உட்கார்ந்து சிலுவை போட்டுச் செபம் சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைப்போம். இதுவரை தலையைக் குனிந்து பேசாமல் இருந்தேன். இப்போது அப்பா, "மூத்தவன் நீதான், இனிமே நீ சொல்லு" என்கிறார். நம்பாததை என் வாயால் சொன்னால் அவரை ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது. எழுந்து போகவும் மனசு வரவில்லை, ஏனென்றால் கடைசியில் அம்மா, இலங்கைச் சிறையில் இருக்கிற நம்ம ஊர்ப் பையன்கள் திரும்பி வரணும் என்று சேர்த்துச் சொல்வார், அதில் எனக்கும் பங்கு உண்டு. இதே நிலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ராம்நாடு வாசகன்:
சொல்லிவிட்டுப் போங்களேன். ஒரு நிமிடம்தானே, அப்பாவுக்கு வயதாகிறது.

கீழக்கரைக்காரன்:
மேலே சொன்னதை ஏற்க மாட்டேன். கூட இருப்பது வேறு, முன்னின்று நடத்துவது வேறு. நான் நோன்பு வைப்பதில்லை, வீட்டுக்கும் தெரியும். ஆனாலும் ரமலானில் ஊரில் இருந்தால் பாங்கு சொல்லும்வரை கஞ்சியைத் தொட மாட்டேன், பசித்துக் காத்திருக்கிற உம்மாவுக்கு முன்னால் எப்படித் தொடுவது? விருந்தில் சகன் என்கிற பெரிய தட்டில் நாலு பேரோடு சேர்ந்து சாப்பிடுகிறேன், சாப்பிடும் முன் இறைவன் பேரைச் சொல்கிற பிஸ்மி அவரவர் வாய்க்குள் சொல்வது என்பதால் எனக்குச் சிக்கல் இல்லை. உங்கள் வீட்டில் சத்தமாகச் சொல்வதால்தான் இந்தப் பாடு. பெரியாரே கடவுள் வாழ்த்துப் பாடும்போது மேடையில் எழுந்து நின்றவர், ஆனால் அவர் பாடவில்லை. கேரளாவில் யெகோவா சாட்சிகள் என்கிற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கைக்காகப் பாடவில்லை, பள்ளி அவர்களை வெளியே அனுப்பிவிட்டது. அமைதியாக நின்றதில் அவமரியாதை எதுவும் இல்லை, திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பக்தியுள்ள பிள்ளைகள் வழக்கு, உங்களுடையது நேர் எதிர், ஆனாலும் மனசாட்சி எல்லோருக்கும் ஒன்றுதான். தலை குனிந்து உட்காருங்கள், சொல்ல மட்டும் சொல்லாதீர்கள்.

பாம்பன் அம்மா:
தம்பி, நான் செபமாலை விடாதவள். என் மகனும் உங்களை மாதிரிதான். அவன் நம்பவில்லை என்பது எனக்கு வருத்தம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மனசில்லாமல் அவன் வாய் மட்டும் ஆண்டவர் பேரைச் சொன்னால் அது எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம். உங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைப்பார், கேட்டுப் பாருங்கள். சோற்றுத் தட்டு முன்னால் மட்டும் இந்தப் பேச்சு வேண்டாம், பிள்ளைகள் முகத்தைப் பார்க்கும், அவருக்கும் கௌரவம் போகும். தடைக்காலத்தில் காலையில் உட்கார்ந்து வலை சரிபண்ணுவார் இல்லையா, கூடப் போய் உட்காருங்கள், கையில் வேலை இருக்கும்போது ஆம்பிளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள். அதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு வார்த்தை. அப்புறம் இன்னொன்று, செபத்தை அப்பாவே சொல்லட்டும், சிறையில் இருக்கிற பையன்கள் பேரை நீங்கள் சொல்லுங்கள். அவர்கள் வரணும் என்று நினைக்கிறீர்கள்தானே, அதில் பொய் ஏது?

தங்கச்சிமடத்தான்:
அம்மா, இது எனக்குத் தோன்றவே இல்லை. பேர்களை நான் சொல்ல முடியும், முழு மனசோடு சொல்வேன். இன்று ராத்திரி அம்மாவிடம் பேசுகிறேன். என் மூத்த மகளுக்கு ஒன்பது வயது, "அப்பா ஏன் சிலுவை போடல" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள், அவளுக்கு என்ன சொல்வது?

பாம்பன் அம்மா:
உள்ளதைச் சொல்லுங்கள். தாத்தா நம்புகிறார், அப்பா நம்பவில்லை, நீ பெரியவளாகி யோசித்துக்கொள் என்று. தாத்தா செபம் சொல்லும்போது பேசக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.