மாற்றுத்திறனாளிகளுக்கான பதிவு பெற்ற இல்லம், பயிற்சி மையம்: நீங்கள் நேரில் கண்டது என்ன?

தாம்பரத்திலிருந்து ஓர் அப்பா:
என் மகனுக்கு இருபது வயதுக்கு மேல், பேச்சு கிடையாது. புறநகரில் ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தோம், பெயர் வேண்டாம். பதிவும் புதுப்பித்தலும் முறையாக உண்டு. ஆய்வு நடந்த அன்று தற்செயலாகப் போயிருந்தேன். எல்லாக் கட்டில்களிலும் நீலப் பூப்போட்ட புது விரிப்பு, கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. அதிகாரிகள் பதிவேட்டைப் புரட்டினார்கள், சமையலறையை எட்டிப் பார்த்தார்கள், கிளம்பினார்கள். வண்டி வாசலைத் தாண்டியதுதான் தாமதம், ஆயா கட்டில் கட்டிலாக விரிப்புகளை உருவத் தொடங்கினார். என் பையன் மட்டும் விரிப்பின் முனையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "விடு கண்ணு, பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும்" என்று அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அந்த மாதமே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அவர்களுடைய சான்றிதழ் இன்றும் செல்லுபடியாகும்.

அண்ணாநகர் அம்மா:
எங்களுக்கு நேர்ந்தது வேறு. பேச்சுப் பயிற்சி மையம், வரவேற்பறைச் சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள். மகள் உள்ளே போன நேரத்தில் நின்று வாசித்தேன். ஒன்று சங்கப் பதிவு. ஒன்று நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் 80ஜி. இன்னொன்று ஏதோ பயிலரங்கில் கலந்துகொண்டதற்கானது. பயிற்சியாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவு ஒன்றே ஒன்றுதான், அதிலும் நாங்கள் பார்த்தே இராத ஒருவரின் பெயர். மகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம், "உங்கள் ஆர்.சி.ஐ. எண் என்னம்மா?" என்று கேட்டேன். அவள் வாய் திறக்காமல் மேலாளர் அறையைத் திரும்பிப் பார்த்தாள். கல்லூரிப் பெண் போலத்தான் இருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளை அங்கே உட்காரவைத்துக் கட்டணம் வாங்கியவர்கள்மேல்தான்.

பெரம்பூர் சிறப்பாசிரியை:
தாம்பரம் அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு ஆய்வே கண்துடைப்பு என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நான் வாடகை வீட்டில் பகல்நேர மையம் நடத்துகிறேன். கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் என்று ஒவ்வொரு சான்றுக்கும் அலைந்தேன். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவே தயங்கினார். கடைசியில் ஆய்வுக்கு வந்த அலுவலர் எங்கள் சக்கர நாற்காலியில் தானே உட்கார்ந்து, கழிப்பறைக்குள் உருட்டிக்கொண்டு போகப் பார்த்தார். கதவு நிலையில் இடித்து விரல் முட்டியில் தோல் உரிந்துவிட்டது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டே, "இதை அகலப்படுத்துங்கள், பிறகு பார்க்கலாம்" என்று குறிப்பு எழுதினார். அகலப்படுத்தினோம். ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் ஓட வழியின்றி, 28 பேர் தீயில் மாண்டார்கள். அதற்குப் பிறகும் சான்றிதழ் எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

வேளச்சேரி பெரியவர்:
என் அனுபவம் சிறியது. தம்பி மகனைச் சேர்க்கப் போன இடத்தில் சான்றிதழைக் கேட்டதும், "நம்பிக்கை இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்" என்றார்கள். வேறு இடம் பார்த்தோம்.

ஆனால் இங்கே பல பதிவுகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 50-இன்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் தனியார் யாரும் இத்தகைய நிறுவனம் நடத்தக் கூடாது. விண்ணப்பித்த 90 நாளுக்குள் அரசு முடிவு சொல்ல வேண்டும். சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். விதி மீறினால், விளக்கம் கேட்டுவிட்டுப் பதிவை ரத்து செய்யலாம். 80ஜி என்பது நன்கொடை கொடுப்பவருக்கான வருமான வரிச் சலுகை, பராமரிப்பின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தேசிய அறக்கட்டளைப் பதிவு 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும். மனநல இல்லங்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு வேண்டும். ஆர்.சி.ஐ. பதிவு பயிற்சி தரும் ஆளுக்குரியது, கட்டடத்துக்குரியது அல்ல. ஆகவே அண்ணாநகர் அம்மா எண்ணைக் கேட்டது முற்றிலும் சரி. தாம்பரம் நண்பர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அண்ணாநகர் அம்மா:
ஐயா, விவரங்களுக்கு நன்றி. ஆனால் இத்தனை பிரிவுகளையும் படித்துவிட்டுத்தான் ஒரு தாய் குழந்தையைப் பயிற்சிக்குக் கூட்டிப் போக வேண்டுமா? சரிபார்க்கும் வேலைக்குத்தானே அலுவலகம் இருக்கிறது?

சைதாப்பேட்டையிலிருந்து:
பெற்றோரும் ஆசிரியர்களும் எழுதியிருக்கிறீர்கள். நான் விடுதியில் வளர்ந்தவள், இரண்டு கால்களிலும் போலியோ. ஆய்வுக்கு வந்த அம்மையார் என் எதிரே நின்றுகொண்டு, காப்பாளரிடம், "இந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?" என்று கேட்டார். "நன்றாகச் சாப்பிடுகிறாள்" என்று காப்பாளர் பதில் சொன்னார். எனக்கு அப்போது பதினைந்து வயது, வாய் நன்றாகவே பேசும். அன்று காலை உப்புமாவில் புழு இருந்தது, அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தேன். பெரம்பூர் அக்கா, உங்கள் மையத்துக்கு வந்த அலுவலர் கதவை அளந்தது நல்ல விஷயம். பிள்ளைகளில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டாரா?