புதுப்பிப்பு: கேம் சந்தா கட்டுப்படியாகுமா?

கேம்களைத் தனித்தனியாக வாங்குவதா, பல கேம்களை விளையாட விடும் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் மாதிரி மாதச் சந்தா கட்டுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். "ஒரு மாதம் கட்டிப் பார்" என்றவர்களே அதிகம். கட்டிப் பார்த்தாயிற்று.

பெரிய லாபம், காசு கொடுத்து வாங்கத் துணியாத கேம்கள்தான். 'ஹைஃபை ரஷ்' அப்படித்தான் கையில் சிக்கியது. பாட்டின் தாளத்துக்கு அடி விழ வேண்டும். கடையில் பார்த்திருந்தால் சத்தியமாகத் தாண்டிப் போயிருப்பேன். பிடிக்காததைப் பத்து நிமிடத்தில் அழித்துவிடலாம், மனசு உறுத்தாது.

ஆனால் எதுவும் நமக்குச் சொந்தமில்லை. 'ஃபோர்ஸா ஹொரைசன் 4' என்ற கார்ப் பந்தய கேம் நல்ல உதாரணம். கார், பாடல் உரிமங்கள் முடிந்ததால் 2024 டிசம்பரில் அது விற்பனையிலிருந்தும் கேம் பாஸிலிருந்தும் போனது. காசு கொடுத்து வாங்கியவர்கள் இன்றும் ஓட்டலாம். மைக்ரோசாஃப்டே வெளியிட்ட கேமுக்கே இந்த கதி! சில கேம்கள் போகுமுன் சந்தாதாரர்களுக்குத் தள்ளுபடி விலையில் கிடைக்கும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

விலையும் நிலையில்லை. அமெரிக்காவில் கேம் பாஸின் உயர்ந்த திட்டமான அல்டிமேட் 2025 அக்டோபரில் மாதம் 19.99 டாலரிலிருந்து ஒரே தாவலில் 29.99 ஆனது.

சரி, என் முடிவு: தானாகப் புதுப்பிப்பதை அணைத்துவிட்டேன். விடுமுறை மாதங்களில் மட்டும் கட்டுவேன். திரும்பத் திரும்ப விளையாடுவதைத் தள்ளுபடியில் வாங்கிவிடுவேன். அப்புறம், இறக்கிவைத்த கேம்களால் டிஸ்க் நிரம்பி வழிகிறது. அதற்கு யாரிடமாவது யோசனை உண்டா?