மறு: பார்வை மங்கியவர்களுக்குத் தெரியும் இல்லாத உருவங்கள் – சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பார்வை மங்கியவர்கள் சிலருக்கு இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவதைக் குறிக்க அகராதிக்கு ஒரு சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்த பரிந்துரைகள்: மனப்பிரமை, மாயக்காட்சி, உருவெளித்தோற்றம், அப்புறம் இதன் மருத்துவப் பெயரை (Charles Bonnet syndrome) ஒட்டிய ‘ஷார்ல் போனே நோய்க்குறித்தொகுப்பு’ என்ற ஒலிபெயர்ப்பு. ஒவ்வொன்றையும் பற்றி என் கருத்தைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு சொல்லை முன்வைக்கிறேன்.

> மனப்பிரமை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கலே. விழித்திரையின் மையம் சிதைந்தோ, கண் நீர் அழுத்த நோயாலோ, முற்றிய கண்புரையாலோ பார்வை பெரிதும் குறைந்தவர்களில் சிலருக்கு, எதிரே இல்லாத ஆட்களும் முகங்களும் கோலம் போன்ற வடிவங்களும் தெரிகின்றன. அவர்களுக்கு மனநோய் எதுவும் இல்லை. தெரிவது நிஜமில்லை என்பது அவர்களுக்கே தெரியும். முதல் தடவை திகைத்தாலும் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள். உருவங்கள் பேசுவதில்லை, வாசனை இல்லை, தொட்டால் அகப்படுவதில்லை. இதற்குப் போய் ‘மன’ என்று தொடங்கும் பெயரை வைத்தால் யார் வாய்விட்டுச் சொல்வார்கள்?

என் பெரியம்மா சொல்லவில்லை. விழித்திரை மையச் சிதைவு அவருக்கு. எதிரே நிற்பவர் முகம் தெரியாது, குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார். பொழுது சாயும் நேரத்தில் அலமாரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “நீலத் தொப்பி போட்ட பிள்ளைங்க நாலஞ்சு பேர் மேல உட்கார்ந்திருக்குதுங்க. தொப்பியில இருக்கிற தையல்கூடத் தெரியுது. இல்லைன்னு எனக்கே தெரியும்ப்பா. யார்கிட்டயும் சொல்லிடாதே, பைத்தியம்னு சொல்லிடுவாங்க” என்றார். என் முகம் தெரியாத கண்ணுக்குத் தையல் தெரிகிறது! இந்தத் தெளிவும் இதன் அடையாளங்களில் ஒன்று என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சிறிய உருவில் மனிதர்கள், விநோதமான உடைகள், செங்கல் அடுக்கு, வலைப்பின்னல் எல்லாம் பலரும் சொல்பவைதாம்.

ஆகவே என் முதல் நிபந்தனை: ஒரு எழுபது வயதுக்காரர் மருத்துவர் முன்னால் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். பிரமை, பித்து, மாயை மூன்றுமே இதில் அடிபட்டுப் போகின்றன.

> மாயக்காட்சி என்றால் ‘மாய உறுப்பு’ என்பதோடு பொருந்தும்.

ஒப்புமை சரியானது. கால் எடுக்கப்பட்டவருக்கு இல்லாத காலில் அரிப்பும் வலியும் தெரிவதற்கும் இதற்கும் அடிப்படையில் உறவு உண்டு. விழித்திரையிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்ததும் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை. தானாகவே படம் போட்டுக்கொள்கிறது. ஆனால் ‘மாயம்’ என்றதும் கேட்பவருக்குப் பில்லி சூனியம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஏற்கெனவே பயந்துபோயிருப்பவரை ஏன் அந்தப் பக்கம் தள்ள வேண்டும்?

> பழந்தமிழில் உருவெளித்தோற்றம் உண்டே!

அழகான சொல், விட மனசே இல்லை. ஆனால் அகத்துறையில் அது பிரிவில் வருவது. நினைத்து ஏங்கும் ஆளின் உருவம் வெட்டவெளியில் தெரிவது. இங்கே தெரிவதோ பெரும்பாலும் முன்பின் பார்த்திராத முகங்கள். சில சமயம் வெறும் கட்டங்கள். பெரியம்மாவுக்கு நீலத் தொப்பிக்காரர்கள்மேல் ஏக்கம் ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லை அதன் துறைக்கே விட்டுவிடலாம்.

ஒலிபெயர்ப்பைப் பொறுத்தவரை, வரலாற்றுக்காக அது ஓரத்தில் இருக்கட்டும். ஷார்ல் போனே ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர். செடிப்பேன்கள் ஆண் துணையில்லாமலே குட்டி போடுவதைக் கண்டவரும் அவர்தான். கண்புரையால் பார்வை குன்றிய தன் தாத்தாவுக்கு ஆட்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் தெரிந்ததை 1760-இல் எழுதிவைத்தார். தாத்தா தெளிந்த புத்தியோடு இருந்தார் என்பதை அப்போதே குறிப்பிட்டார். பின்னால் போனேவுக்கும் பார்வை போய் இதே அனுபவம் வந்தது. சரி, இதெல்லாம் நமக்குச் சுவை. கண் மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு ‘ஷார்ல் போனே’ வாயில் நுழையுமா?

என் முன்மொழிவு: நிரப்புக்காட்சி.

கண் விட்ட இடத்தை மூளை இட்டு நிரப்புகிறது. அப்படி நிரப்பப்பட்ட காட்சி. காரணம் சொல்லிலேயே இருக்கிறது, பழி யார்மேலும் இல்லை. ஒற்று மிகுமா என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு: வினைத்தொகையாகக் கொண்டால் ‘நிரப்புகாட்சி’ என்றுதான் வர வேண்டும். நான் நிரப்பு என்பதைப் பெயராகக் கொள்கிறேன். நடப்புக்கணக்கு போல வன்தொடருக்குப் பின் ஒற்று மிகும். இன்னொரு தடையும் வரலாம். குறளில் நிரப்பு என்றால் வறுமை. வரட்டுமே! பார்வையின் வறுமையால் வரும் காட்சி என்று படித்தாலும் பொருள் கெடவில்லை. இப்படி இரண்டு பக்கமும் பொருந்துவது நாம் திட்டமிட்டு வருவதில்லை.

இதோடு கலக்கக் கூடாதவை இரண்டு. கண்முன் கொசு பறப்பதுபோலத் தெரியும் ‘மிதவை’ வேறு. விழிக்குள் இருக்கும் கூழ்மத்தில் திரளும் துணுக்குகளின் நிழல் அது, அதாவது உள்ளே உண்மையிலேயே ஏதோ இருக்கிறது. திடீரென்று மிதவைகள் பெருகி, மின்னல் வெட்டி, ஓரத்தில் திரை விழுந்தால் விழித்திரை பிரிகிறதோ என்று அன்றைக்கே காட்ட வேண்டும். அடுத்தது, உருவங்களோடு குரலும் கேட்பது, அல்லது அவை நிஜம் என்றே நம்புவது. நிரப்புக்காட்சி என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. அதை வேறு மருத்துவர் பார்க்க வேண்டும். நம் விளக்கத்தில் இந்த எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது என் வற்புறுத்தல். நல்ல பெயர் கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடிவிடக் கூடாது.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

நிரப்புக்காட்சி (பெ.): பார்வை பெரிதும் குறைந்தவருக்கு, மனத்தெளிவு இருக்கும்போதே, ஒலியின்றித் தெரியும் இல்லாத உருவங்கள் அல்லது வடிவங்கள். மங்கிய வெளிச்சத்திலும் சும்மா இருக்கும்போதும் கூடுதலாகத் தெரியும். விளக்கைப் போடுவது, கண்களை இடமும் வலமும் வேகமாக அசைப்பது ஆகியவற்றால் பலருக்குக் கலைந்துபோகும்.

பயன்பாட்டைப் பற்றி ஒரு சந்தேகம். ‘நிரப்புக்காட்சி காண்கிறார்’ என்பது புத்தக வாடை அடிக்கிறது. ‘எனக்கு நிரப்புக்காட்சி வருது’ என்றுதான் பேச்சில் வரும் என்று நினைக்கிறேன். எடுத்துக்காட்டு வாக்கியத்தில் அதையே போடலாமா? குழுவில் உள்ள கண் மருத்துவர்கள், நோயாளிகளிடம் ஓரிருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் அதற்கு ஏற்றபடி பதிவைத் திருத்திக்கொள்கிறேன்.