மறு: டிகோடிங் – குறிவிலக்கமா, எழுத்துக்கூட்டலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

போன வாரம் 'டிகோடிங்' என்பதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல் கேட்டேன். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் பதினொரு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நன்றி. எதற்காகக் கேட்டேன் என்று சொல்லாமல் விட்டது என் பிழைதான்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு பயிற்சிக் கையேட்டை நாலைந்து பேர் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். குழந்தைகள் எப்படி வாசிக்கக் கற்கிறார்கள் என்று ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்து கண்டதை, தினமும் முப்பது பிள்ளைகள் முன்னால் நிற்கிறவருக்குப் பயன்படும்படி சொல்ல வேண்டும். இரண்டாம் பக்கத்திலேயே 'டிகோடிங்' வந்து வழிமறித்துவிட்டது.

பொருள் இதுதான்: எழுத்தைப் பார்த்து, அதற்குரிய ஒலியை நினைவிலிருந்து எடுத்து, ஒலிகளைச் சேர்த்து, காதால் கேட்டுப் பழகிய ஒரு சொல்லை அடையாளம் காண்பது. 1986இல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். டிகோடிங்கையும், கேட்டால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரிந்துகொள்ளுதல். பெருக்கல் என்பதால் இரண்டில் எது சுழியானாலும் விடை சுழி. கையேட்டின் பாதிக்கு மேல் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அதனால் சொல் நொண்டினால் கையேடும் நொண்டும்.

> கணினித் தமிழில் டிகோடரைக் குறிவிலக்கி என்கிறோம். இங்கும் குறிவிலக்கம் என்றே வைத்துக்கொள்ளலாம். துறைக்குத் துறை சொல் மாறினால் குழப்பம்தான் மிஞ்சும்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வரைவில் அதையே போட்டு, ஒரு சனிக்கிழமை எட்டு ஆசிரியர்களிடம் வாசித்துக் காட்டினேன். "குழந்தைகளுக்குக் குறிவிலக்கத்தில் நேரடிப் பயிற்சி தேவை" என்ற வரி வந்ததும், முன்வரிசையில் இருந்தவர் கேட்டார்: "ஏங்க, சைகை காட்டாம பாடம் நடத்தணும்னு சொல்றீங்களா?" யாரும் சிரிக்கவில்லை. மற்றவர்களுக்கும் அதே ஐயம் இருந்திருக்கிறது. பொறியாளருக்குப் பொருந்துகிற சொல் இங்கே பொருந்தவில்லை. விடுவோம்.

> புதிரவிழ்ப்பு – அழகாகவும் இருக்கிறது, குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒன்றை மட்டும் நான் பிடிவாதமாக எதிர்ப்பேன். எழுத்து ஒரு புதிர், குழந்தை யூகித்து அவிழ்க்க வேண்டும் என்ற எண்ணத்தைத்தான் இந்தத் துறை அரை நூற்றாண்டாக வெளியேற்றப் பார்க்கிறது. 1967இல் கென்னத் குட்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர், வாசிப்பு ஒரு வகை யூக விளையாட்டு என்று எழுதினார். நன்றாக வாசிப்பவர் எல்லா எழுத்தையும் பார்ப்பதில்லை, சூழலை வைத்து அடுத்த சொல்லை ஊகித்துக்கொண்டே போகிறார் என்பது அவர் கருத்து. அது வகுப்பறைக்கு வந்தபோது, "சொல் தெரியவில்லையா? படத்தைப் பார். முதல் எழுத்தைப் பார். எது வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று யோசி" என்று ஆனது. பின்னால் வந்த கண்ணசைவு ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்லின. தேர்ந்த வாசகரின் கண் பெரும்பாலான சொற்களில் நின்றுதான் போகிறது. ஊகத்தை நம்பியிருப்பவர் திணறும் வாசகர்தான்.

ஆய்வு எதற்கு, நானே பார்த்தேன். இரண்டாம் வகுப்புப் பையன். படக்கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "முயல் கேரட் தின்றது" என்று கணீரென்று வாசித்தான். அச்சில் இருந்தது "முயல் முள்ளங்கி தின்றது". படத்தை என் கையால் மூடிவிட்டு, இப்போது வாசி என்றேன். அவன் எழுத்தைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்தான். "கையை எடுங்க டீச்சர், அப்பதான் படிக்க முடியும்." அந்த வகுப்பில் நன்றாகப் படிக்கிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் இருந்தது.

அதனால்தான் இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடத்தும் சோதனையில் நாற்பது சொற்களில் இருபது பொருளே இல்லாத கற்பனைச் சொற்கள். துப்புக் கொடுக்கும் படம் இல்லை, சூழல் இல்லை, ஊகிக்க வழியே இல்லை. எழுத்து தெரிந்தால் வாசிக்கலாம், அவ்வளவுதான். நம் கையேட்டிலும் இப்படி ஒரு சோதனை உண்டு.

> ஆய்வு முடிவுகளை ஆசிரியரிடம் சொன்னால் போதுமா? சொல்லைத் தேடுவதற்கு முன் பயிற்சி எப்படி நடக்கும் என்று யோசித்தீர்களா?

நியாயமான கேள்வி, கொஞ்சம் தடம் மாறினாலும். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு எந்தெந்தப் பயிற்சி பலன் தருகிறது என்று 2000ஆம் ஆண்டிலேயே தொகுத்துக் கொடுத்துவிட்டது. பல மாநிலங்களில் அந்த அறிக்கை அலமாரியில் தூங்கியது. மிசிசிப்பி 2013இல் சட்டம் போட்டு ஆசிரியர்களுக்கு இந்த ஆய்வுகளிலேயே பயிற்சி கொடுத்தது. வாசிப்பில் பின்தங்கிய பள்ளிகளுக்குப் பயிற்றுநர்களை அனுப்பி, வகுப்பறையிலேயே உடன் இருந்து உதவச் சொன்னது. நாலாம் வகுப்புக்கான தேசிய வாசிப்புத் தேர்வில் அந்த மாநிலத்தின் சராசரி 2013இல் 209. 2019இல் 219, அதாவது நாட்டின் சராசரியைத் தொட்டது. மூன்றாம் வகுப்பில் தேறாதவர்களை அங்கேயே நிறுத்தி வைத்ததும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு, அந்த வாதத்துக்குள் இப்போது போகவில்லை. நமக்கு வேண்டிய செய்தி, ஒருநாள் கூட்டமும் ஒரு பவர்பாயிண்டும் பயிற்சி ஆகாது என்பது. அந்த ஆசிரியர்கள் புதுச் சொற்களைத் தங்கள் வாயால் பேசிப் பழகினார்கள். வாயில் நுழையாத சொல்லை யார் பேசிப் பழகுவார்?

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன். நம் பாட்டிமார்களே பயன்படுத்திய சொல் ஒன்று இருக்கிறது: எழுத்துக்கூட்டல். "எழுத்துக் கூட்டிப் படி" என்று அதட்டாத வீடு உண்டா? வேறு மொழியில் கட்டிய சொல்லை இங்கே கொண்டுவந்து பொருத்துவதை விட, ஏற்கெனவே பேசுகிற சொல்லைத் துடைத்து வைப்பது மேல்.

துடைக்க வேண்டியது எது என்றும் சொல்கிறேன். இந்தச் சொல்லின் மேல் ஓர் இளப்பம் படிந்திருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில், "இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான்" என்று சொன்னால் அது புகார். நானே பல வருடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வாசிப்பு ஆய்வாளர் டேவிட் ஷேர் 1995இல் விளக்கியதைப் படித்தபின் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. குழந்தை ஒரு புதுச் சொல்லை முட்டி மோதிக் கூட்டி வாசிக்கும் ஒவ்வொரு முறையும், அந்தச் சொல்லின் எழுத்துக் கோவை நினைவில் ஒட்டிக்கொள்கிறது. சில தடவைக்குப் பின் பார்த்ததுமே வாய்க்கு வந்துவிடும். அதாவது தன் வாசிப்பைத் தானே கற்பித்துக்கொள்கிறது. கூட்டிப் படிக்கிற பிள்ளை தப்பான வழியில் போகவில்லை. போக வேண்டிய வழியில் பாதியில் இருக்கிறது. வருத்தப்பட வேண்டியது கூட்டாமலே கேரட் தின்கிற முயலைப் பார்த்துத்தான்.

அந்த இளப்பம் இருப்பதாலேயே எழுத்துக்கூட்டல் என்ற சொல் வேண்டும் என்பேன். புதிதாகக் குறிவிலக்கம் என்று ஒன்றை வைத்தால், ஆசிரியர் பயிற்சியில் குறிவிலக்கத்தைப் புகழ்ந்துவிட்டு, வகுப்புக்குப் போய் எழுத்துக்கூட்டலைத் திட்டுவார். இரண்டும் ஒன்று என்றே அவருக்குத் தெரியாது.

தமிழ் எழுத்துக்கும் இது பொருத்தம். க் + அ = க என்று நாம் சின்ன வயதில் பாடியதே கூட்டல்தான். மெய்யாகிய உடலின் மேல் உயிர் வந்து ஒன்றும் என்று நன்னூல் சொல்வதும் அதுதான். ப, ட, ம மூன்றும், ட், ம் என்ற புள்ளி எழுத்துகளும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் அன்றைக்கே வாசிக்கலாம். ஆங்கிலப் பிள்ளைக்கு இந்த வசதி குறைவு. ஆனால் அவர்களுக்கு 26 எழுத்து, நமக்கு 247 வடிவம். சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கன்னட ஆய்வும், அட்சரங்கள் கைவர ஆண்டுக்கணக்கில் ஆகிறது, தனித்தனி ஒலி பற்றிய தெளிவும் மெதுவாகத்தான் வருகிறது என்கிறது. ஆகவே ஆங்கிலக் கையேட்டின் கால அட்டவணையை அப்படியே எடுத்துப் போட முடியாது.

இன்னொன்று, எந்த ஆங்கில நூலிலும் கிடைக்காதது. 'தேள்' என்ற சொல்லில் ஒரு சிறுமி விரலை ே மேல் வைத்து நின்றுவிட்டாள். "ஏன் நிக்கிறே?" என்றேன். "இது மொதல்ல வந்துருச்சு, ஆனா அதுதான் மொதல்ல சொல்லணும்" என்றாள், அடுத்திருந்த த-வைக் காட்டி. கண்ணுக்கு முதலில் வருவது வாய்க்குப் பின்னால் வருகிறது. கொ, கோ என்ற எழுத்துகளில் அதுவும் இல்லை, குறி இரண்டு பக்கமும் காவல் நிற்கிறது. பம்பரத்தில் முதல் ப ஒரு மாதிரி, இரண்டாவது ப வேறு மாதிரி ஒலிக்கிறது. இதற்கெல்லாம் தனி அத்தியாயம் எழுதியிருக்கிறேன். அங்கேயும் கூட்டல் என்ற சொல் சிக்கலில்லாமல் ஓடுகிறது.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோனீமிக் அவேர்னஸுக்கு 'ஒலியன் விழிப்புணர்வு' என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். ஒலியன் சரி, மொழியியலில் நிலைத்த சொல். விழிப்புணர்வு என்றதும் டெங்கு ஊர்வலமும் தட்டியும்தான் கண்முன் வருகின்றன. 'மரம்' என்று காதால் கேட்டு அதை ம், அ, ர், அ, ம் என்று பிரிக்கத் தெரிவதுதானே விஷயம்? 'ஒலி பிரித்தறிதல்' என்று போட்டிருக்கிறேன். சைட் வேர்ட், அதாவது கூட்டாமல் பார்த்ததுமே வாசித்துவிடும் சொல், என்பதைப் 'பார்வைச் சொல்' ஆக்க வேண்டாம். ஆக்கினால் மின்னட்டையில் எழுதி நூறு தடவை காட்டி மனப்பாடம் செய்விப்பார்கள். மின்னட்டை என்ற சொல்லே ஃபிளாஷ் கார்டை இப்படிச் சொல்லுக்குச் சொல் மாற்றி வந்ததுதான். இத்தனை வருடத்தில் ஒரு மின்னட்டையிலும் நான் மின்சாரத்தைப் பார்த்ததில்லை. 'பழகிய சொல்' போதும்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

*

> மறுப்பு இருந்தால் எழுதுங்கள்

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். இளப்பம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், இங்கும் அதே கதைதான். ஆனால் அக்கா, எங்கள் பக்கம் எழுத்துக்கூட்டல் என்றால் ஸ்பெல்லிங். "இந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டல் பிழை" என்றுதான் எழுதுவோம். உங்கள் கையேட்டை எங்கள் ஆசிரியர்களும் எடுத்துப் பயன்படுத்துவார்கள். "எழுத்துக்கூட்டலில் பயிற்சி கொடுங்கள்" என்று கண்டால் சொல்வதெழுதல் கொப்பியைத்தான் எடுப்பார்கள். இரண்டாவது, படித்தல் என்று எல்லா இடமும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே பிள்ளை படிக்கிறது என்றால் சோதனைக்குப் படிக்கிறது. புத்தகத்தைப் பார்ப்பது வாசிப்பு. அதை மாற்றிவிடுங்கள்.

*

தம்பி, இரண்டும் சரியான அடி. எழுத்துக்கூட்டல் ஸ்பெல்லிங்காகவும் இருப்பது என் கண்ணில் படவே இல்லை. இங்கே தமிழ் வகுப்பில் அதைப் 'பிழையின்றி எழுதுதல்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். யோசித்தால் இரண்டும் ஒரே வேலையின் இரு திசைகள். வாசிக்கும்போது எழுத்தை ஒலியாக்கிச் சேர்க்கிறோம், எழுதும்போது ஒலியைப் பிரித்து எழுத்தாக்குகிறோம். ஒரே சொல் இரண்டுக்கும் போனதில் வியப்பில்லை.

அதனால் பெயர்ச்சொல்லைத் தனியே விடாமல் 'எழுத்துக்கூட்டி வாசித்தல்' என்று முழுதாகவே எழுதப் போகிறேன். நீளம்தான். சுருக்கிக் 'கூட்டிவாசிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். எங்கள் குழுவிலேயே ஒருவர் அதைக் 'கூட்டுவாசிப்பு' என்று வாசித்துவிட்டு, எல்லாரும் சேர்ந்து கோரஸாகச் சொல்வதா என்று கேட்டார். அதாவது ஊகித்தார். நீளமே இருக்கட்டும். படித்தல் எல்லாவற்றையும் வாசித்தல் ஆக்கிவிட்டேன், நாற்பத்து மூன்று இடம்.

ஒரு உதவி வேண்டும். அந்தப் பொருளற்ற சொற்களை ஒரு நண்பர் 'பொய்ச்சொல்' என்று பெயரிட்டிருந்தார். குழந்தையிடம் பொய் சொல்லச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று 'வெற்றுச்சொல்' என்று மாற்றினேன். சோதனைக்காக அப்படி இருபது எழுதிவைத்தேன். பிமடு, தோபலி, நுகம்மா என்ற மாதிரி. அதில் ஒன்று எங்கள் பக்கத்து மாவட்டத்தில் நல்ல வசவு என்று ஓர் ஆசிரியை காதோடு சொன்னதும் அடித்துவிட்டேன். மீதிப் பத்தொன்பதை இணைப்பில் அனுப்புகிறேன். மட்டக்களப்பில் எதற்காவது அடி விழுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.