பின்ன வகைக்கெழுவில் ஆற்றல் பட்டை: கணக்கு தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. பினாங்கில் முதுகலை இயற்பியல் படிக்கிறேன். லாஸ்கின் என்ற இயற்பியலாளர் 2000-இல் தந்த பின்னச் சுரோடிங்கர் சமன்பாட்டில் (வகைக்கெழுவின் படி முழு எண்ணாக இருக்க வேண்டியதில்லாத குவாண்டம் சமன்பாடு), சம இடைவெளியில் தள்ளுவிசை டெல்டா முட்கள் (அகலமே இல்லாத கூரிய தடைகள்) நட்ட நிலையாற்றலுக்கு ஆற்றல் பட்டை, அதாவது துகளுக்குக் கிடைக்கும் ஆற்றல்களின் வரம்பு, வரைகிறேன். இயக்க ஆற்றல் உந்தத்தின் இருமடிக்குப் பதில் ஆல்ஃபா மடியில் போகிறது, ஆல்ஃபா 1-க்கு மேல், 2 வரை.

முதலில் வழக்கம்போல ஒவ்வொரு துண்டிலும் அலைச்சார்பை எழுதி எல்லையில் ஒட்டவைத்தேன். அது தவறு, ஏனென்றால் ரீஸ் வகைக்கெழு (இந்தச் சமன்பாட்டில் வரும் பின்ன வகைக்கெழு) ஒரு புள்ளியில் என்ன நடக்கிறது என்பதற்கு முழுக் கோட்டையும் பார்க்கும். இதைப் புரிந்துகொள்ளவே இரண்டு வாரம் போனது. ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும் நிலையாற்றலுக்கான ப்ளாக் தேற்றம் இன்னும் செல்லும் என்பதால் அப்புறம் அலைச்சார்பைத் தள அலைகளின் (ஒவ்வொன்றும் ஒரே உந்தம் கொண்ட எளிய அலை) கூட்டலாக எழுதும் முறைக்கு மாறினேன், அங்கே அணியின் மூலைவிட்டத்தில் மட்டும் மடியை மாற்றினால் போதும்.

ஆல்ஃபா 2 என்றால் 200 அலைகளிலேயே குரோனிக்-பென்னி வளைவின்மேல் (வழக்கமான சமன்பாட்டுக்குத் தெரிந்த சரியான விடை) என் புள்ளிகள் அழகாக உட்கார்ந்துவிட்டன. 1.2-இல்தான் சிக்கல். அலைகளைக் கூட்டக் கூட்ட அடிப்பட்டை கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது, நேற்று இரவு 4000 வரை போயும் நிற்கவில்லை. 10 மடங்கு கூட்டினாலும் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறையும் போலிருக்கிறது.

வெட்டிய வால் பகுதியை, அதாவது கணக்கில் சேர்க்காமல் விட்ட மீதி அலைகளின் பங்கை, ஹர்விட்ஸ் சீட்டா சார்பால் (இப்படிப்பட்ட முடிவிலாத் தொடரின் கூட்டலைத் தரும் சார்பு) சேர்த்துக்கொள்ளலாமா? பட்டை விளிம்பில் அது பட்டைகளுக்கு நடுவிலுள்ள ஆற்றல் இடைவெளியைக் கெடுக்காதா? இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், வரும் வெள்ளிக்குள் மேற்பார்வையாளரிடம் வரைபடம் காட்ட வேண்டும். பட்டர்வொர்த், ஜார்ஜ்டவுன் பக்கம் இருப்பவர்கள் என்றால் மடிக்கணினியோடு நானே நேரில் வருகிறேன்.