முப்பது ஆண்டுகளுக்கு முன் தூவிய பி.எச்.சி. இன்னும் மண்ணில் இருப்பது ஏன்?

வயலோரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்ப நிலத்தில் நெல்லும் நிலக்கடலையும் மாறி மாறிப் பயிராகின்றன. இயற்கை வேளாண்மைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணத்தில் மண்ணை ஓர் ஆய்வகத்தில் கொடுத்துப் பூச்சிக்கொல்லி எச்சப் பரிசோதனை செய்தோம். ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பு வரை அடித்துவந்த குளோர்பைரிபாஸ் கண்டறியும் அளவில் இல்லை என்று அறிக்கை சொல்கிறது. ஆனால் 1997இல் அரசு தடை செய்வதற்கு முன்பு என் தந்தையார் மூட்டை மூட்டையாகத் தூவிய பி.எச்.சி. பூச்சிக்கொல்லித் தூளின் எச்சம் சிறிய அளவில் இன்னும் இருக்கிறது. அதிலும் பீட்டா எச்.சி.எச். என்ற வடிவமே பெரும்பங்கு என்று குறித்திருக்கிறார்கள்.

நேற்று அடித்த மருந்து மறைந்துவிட, அன்று தூவிய மருந்து நிற்பது எப்படி? மனிதன் ஆலையில் செய்த இப்பொருள்களை அதற்குமுன் கண்டிராத மண்ணுயிர்கள் எப்படிச் சிதைக்கின்றன, ஏன் சிலவற்றை மட்டும் விட்டுவிடுகின்றன? கடலையின் வழியாக இது நம் உடலுக்குள் சென்றால் உடல் இதை என்ன செய்யும்? கடையில் கிடைக்கும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களை இட்டு நிலத்தைச் சுத்தப்படுத்த முடியுமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நுண்ணுலகம்

பீட்டா வடிவம் எஞ்சியிருக்கிறது என்பதிலேயே உங்கள் கேள்விக்கான விடை தொடங்குகிறது.

பி.எச்.சி. என்று கடையில் வாங்கிய தூள் (எச்.சி.எச். என்பதும் இதையே) ஒரே பொருள் அன்று. பென்சீனுடன் குளோரினை ஒளியில் வினைபுரியச் செய்தால், ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட வளையத்தில் ஒவ்வொரு கார்பனுக்கும் ஒரு குளோரின் அமர்கிறது; அந்தக் குளோரின்கள் வளையத்துக்கு எந்தப் பக்கம், எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதைப் பொறுத்துப் பல மாற்றியங்கள் உருவாகின்றன. தொழிற்சாலைத் தூளில் ஆல்ஃபா 60 முதல் 70 விழுக்காடும், காமா 10 முதல் 15 விழுக்காடும், பீட்டா 5 முதல் 12 விழுக்காடும் இருந்தன. பூச்சியைக் கொல்லும் ஆற்றல் காமாவிடம் மட்டுமே இருந்தது. அதைப் பிரித்தெடுத்துத்தான் லிண்டேன் என்ற பெயரில் விற்றார்கள். நிலத்தில் விழுந்ததில் பெரும்பகுதி எந்தப் பூச்சிக்கும் எதிராகப் பயன்படாத சுமைதான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

அன்று சிறுபான்மையாக இருந்த பீட்டா இன்று பெரும்பான்மையாகியிருப்பதற்குக் காரணம், மற்றவை போய்விட்டன என்பதே. எச்.சி.எச்.சைத் தின்னும் பாக்டீரியாக்களில் நன்கு ஆராயப்பட்டவை ஸ்பிங்கோபியம் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. ஜப்பானில் இம்மருந்து தொடர்ந்து இடப்பட்ட ஒரு சோதனை வயலிலிருந்து யூ.டி. 26 என்ற வகையும், இந்தியாவில் கரும்பின் வேர்மண்ணிலிருந்து பி 90 ஏ என்ற வகையும் பிரித்தெடுக்கப்பட்டன. இவற்றின் முதல் நொதியான லின்-ஏ, அடுத்தடுத்த இரண்டு கார்பன்களில் ஒன்றிலிருந்து ஹைட்ரஜனையும் மற்றொன்றிலிருந்து குளோரினையும் ஒருசேரப் பிடுங்குகிறது. அவ்வாறு பிடுங்க வேண்டுமென்றால் அவ்விரு அணுக்களும் வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தாக, ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாக நிற்க வேண்டும். பீட்டாவில் ஆறு குளோரின்களும் வளையத்தின் விளிம்பை ஒட்டிப் பக்கவாட்டில் விரிந்து நிற்பதால் லின்-ஏ பிடிப்பதற்கு ஏற்ற இணை ஒன்றுகூட அமைவதில்லை. லின்-பி என்ற இன்னொரு நொதி நீரைக் கொண்டு ஒரு குளோரினை நீக்கி அவ்விடத்தில் ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கும். அது பீட்டாவின்மீதும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. யூ.டி. 26இல் அந்த வேலை முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. ஒரு சில அமினோ அமிலங்கள் மட்டுமே மாறுபட்ட பி 90 ஏ-யின் லின்-பி இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது.

முன்பின் கண்டிராத பொருளை எப்படிச் சிதைக்கின்றன என்று கேட்டீர்கள். பாக்டீரியா எதையும் ‘புதியது’ என்று அடையாளம் காண்பதில்லை. வேறொரு பணிக்கென இருக்கும் நொதி, தற்செயலாக இப்பொருளையும் மிகச் சிறிதளவு மாற்றும் திறன் பெற்றிருக்கும். ஆண்டுதோறும் அதே மருந்து விழும் நிலத்தில் அச்சிறு திறன் கொண்ட உயிருக்கு மற்றவற்றுக்குக் கிடைக்காத உணவு கிடைப்பதால் அது பெருகும், சிறு திரிபுகளால் திறனும் கூடும். இதற்கு மிகத் தெளிவான சான்று அட்ரசின் என்ற களைக்கொல்லி. 1950களின் இறுதியில் சந்தைக்கு வந்த அதைத் தனக்கு நைட்ரஜன் ஊட்டமாகவே பயன்படுத்தும் சூடோமோனாஸ் வகையொன்றை மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995இல் விவரித்தார்கள். அதில் அட்ரசினின் குளோரினை நீக்கும் நொதியையும், மெலமினைச் சிதைக்கும் மற்றொரு பாக்டீரியாவின் நொதியையும் ஒப்பிட்டபோது, 475 அமினோ அமிலங்களில் வேறுபட்டவை வெறும் ஒன்பது! அந்த மரபணுக்கள் இருப்பதோ, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில்.

குளோர்பைரிபாஸ் கதை இதைவிட எளிது. அது போன்ற கரிமப் பாஸ்பரஸ் மருந்துகளின் பாஸ்பரஸ் எஸ்டர் பிணைப்பை நீரே மெல்ல உடைக்கும்; அதை விரைவுபடுத்தும் நொதிகள் மண் பாக்டீரியாக்களிடையே பரவலாக உள்ளன. 1973இல் சேதுநாதனும் யோஷிடாவும் பிலிப்பீன்ஸில் டயசினான் என்ற இவ்வகை மருந்து இடப்பட்ட நெல்வயலிலிருந்து, டயசினானையும் அதே வகையைச் சேர்ந்த பாரத்தியானையும் சிதைக்கும் பிளேவோபாக்டீரியம் ஒன்றைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரே மருந்தை ஒரே வயலில் திரும்பத் திரும்ப இட்டால் அதன் வேலைத்திறன் குறைந்துகொண்டே போவதற்கு, பூச்சியின் எதிர்ப்புத்திறன் மட்டுமன்றி இத்தகைய பாக்டீரியாக்களின் பெருக்கமும் ஒரு காரணம்.

தற்சார்பு

நண்பர் வேதியியலைச் சிறப்பாக விளக்கினார். ஆயினும் விவசாயிக்கு இவ்வளவு தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. தொழுவுரமும் ஜீவாமிர்தமும் தொடர்ந்து கொடுத்தால் மண்ணில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் பெருகும். அவை எந்த நஞ்சையும் மூன்று ஆண்டுகளில் தின்று தீர்த்துவிடும் என்பதே என் நம்பிக்கை. இயற்கைக்குத் தெரியாதது எதுவுமில்லை.

நச்சியல் மாணவி

தற்சார்பு ஐயாவின் கருத்தை மதிக்கிறேன்; கரிமப்பொருள் கூடுவது மண்ணுக்கு நல்லதே. ஆனால் ‘தின்று தீர்த்துவிடும்’ என்பதில் இரண்டு வேறு செய்திகள் கலந்துவிடுகின்றன. ஒரு பொருளை உயிர் மாற்றுவது வேறு, அதன் நஞ்சை நீக்குவது வேறு. இதற்கு நம் உடலே சான்று என்பதால் வயலோரம் அவர்களின் மூன்றாம் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

பாக்டீரியாவுக்கு அயல்பொருள் உணவாகலாம். விலங்குகளுக்கு அது வெளியேற்ற வேண்டிய சுமை மட்டுமே. சிறுநீரகம் நீரில் கரைவதை எளிதில் வெளியேற்றும். கொழுப்பில் கரைவது வடிகட்டப்பட்டாலும் மறுபடி இரத்தத்துக்குள்ளேயே ஊறிவிடும். ஆகவே கொழுப்பில் கரையும் பொருளை நீரில் கரைவதாக மாற்றுவதே கல்லீரலின் பணி. முதல் கட்டத்தில் சைட்டோகுரோம் பி 450 எனப்படும் நொதிக் குடும்பம் பொருளின்மீது ஓர் ஆக்சிஜன் அணுவை ஏற்றுகிறது. மனிதரில் இக்குடும்பத்தின் மரபணுக்கள் 57 உள்ளன. ஒவ்வொரு நொதியும் பல்வேறு பொருள்களை ஏற்கும் அகன்ற வாயில் உடையது என்பதால்தான் நேற்றுத் தயாரான மருந்தையும் இன்று கையாள முடிகிறது. இரண்டாம் கட்டத்தில் குளுகுரோனிக் அமிலம், குளுட்டாதயோன் போன்ற நீர்விரும்பிகள் அதனுடன் இணைக்கப்படுகின்றன. அதன்பின் உயிரணுச் சவ்வில் உள்ள ஏற்றிகள் அதைப் பித்தநீருக்கோ சிறுநீருக்கோ தள்ளுகின்றன. அயல்பொருள் மிகுந்தால் அதை உணரும் ஏற்பிப் புரதங்கள் இந்நொதிகளின் உற்பத்தியைக் கூட்டவும் செய்கின்றன.

ஆனால் முதல் கட்டம் நன்மையில்தான் முடியும் என்ற உறுதி இல்லை. பாரத்தியான் உடலுக்குள் செல்லும்போது அவ்வளவு கொடிய நரம்பு நஞ்சு அன்று. பி 450 அதன் கந்தக அணுவை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைத்துப் பாராக்சானாக மாற்றும்போதுதான் அது கொல்லும் பொருளாகிறது. மாலத்தியானும் அவ்வாறே மாலாக்சானாகிறது. எனினும் பாலூட்டிகளிடம் உள்ள கார்பாக்சில் எஸ்டரேஸ் நொதி அதற்குள் அதை வெட்டிவிடுகிறது, பெரும்பாலான பூச்சிகளிடம் அந்நொதி போதிய அளவில் இல்லை. பூச்சி சாக நாம் பிழைப்பதற்கு இந்த ஒரு நொதியே பெருங்காரணம். அது செயலிழந்தால் என்னவாகும் என்பதை 1976இல் பாகிஸ்தானின் மலேரியா ஒழிப்புப் பணியில் கண்டார்கள். சேமிப்பின்போது மாலத்தியானில் உருவான ஐசோமாலத்தியான் என்ற கலப்பு அந்நொதியை முடக்கியதால், சுமார் 7,500 தெளிப்புப் பணியாளர்களில் ஏறத்தாழ 2,800 பேர் பாதிக்கப்பட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள்.

டி.டி.டி.யை எடுத்துக்கொண்டால், உடல் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனையும் ஒரு குளோரினையும் நீக்கி டி.டி.இ.யாக மாற்றுகிறது. இதுவும் சிதைவுதான், ஆனால் டி.டி.இ. இன்னும் உறுதியானது, கொழுப்பில் அப்படியே தங்கிவிடுகிறது. வேட்டைப் பறவைகளின் முட்டை ஓட்டை மெலியச் செய்தது பெரும்பாலும் இந்த டி.டி.இ.தான். வினோதம் என்னவென்றால், இதே மாற்றத்தைச் செய்யும் நொதி வீட்டு ஈயில் மிகும்போது ஈக்கு அது விடுதலை ஆகிவிடுகிறது, ஏனெனில் ஈயின் நரம்பை டி.டி.இ. தாக்குவதில்லை.

பீட்டா எச்.சி.எச். நம் நொதிகளுக்கும் அரிதாகவே இடம்கொடுக்கிறது. மனித உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும் என மதிப்பிட்டிருக்கிறார்கள். கொழுப்பில் சேர்ந்திருக்கும் அது வெளியேறும் வழிகளுள் ஒன்று தாய்ப்பால் என்பதே இதில் கவலை தரும் செய்தி.

வயலோரம்

மிக்க நன்றி. இரண்டு செய்திகள் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. எங்கள் கடலைப் பருப்பில் இது ஏற வாய்ப்புண்டா? நெல்லுக்கு நீர் தேக்கி வைப்பது இதில் உதவுமா, கெடுக்குமா? சூடோமோனாஸ் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

வேதிமுற்றம்

நீர் தேக்கி வைப்பது உதவும். பிலிப்பீன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ரகுவும் மெக்ரேயும் 1966இல் வெளியிட்ட ஆய்வில், நீர் தேங்கிய மண்ணில் காமா வடிவம் குறைந்தது. கிருமிநீக்கம் செய்த மண்ணில் அது நீடித்தது. இரண்டாம் முறை சேர்த்ததோ முதல்முறையைவிட விரைவாக மறைந்தது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் லின்-ஏ போல ஹைட்ரஜனையும் குளோரினையும் சேர்த்துப் பிடுங்க வேண்டியதில்லை. எலக்ட்ரான்களை ஊட்டிக் குளோரினை மட்டும் கழற்றுகின்றன. அந்த வழியில் பீட்டாவும் மெல்லச் சிதையும். அதன் முடிவில் எஞ்சும் குளோரோபென்சீனும் பென்சீனும் காற்றோட்டமுள்ள நிலையில்தான் எளிதில் அழியும். எனவே நெல்லும் கடலையும் மாறி மாறி வரும் உங்கள் நிலம், அதாவது சில மாதம் சேறு, சில மாதம் புழுதி என்ற முறை, இதற்கு ஏற்றதாகவே அமைந்திருக்கிறது. தொழுவுரம் சேற்றில் எலக்ட்ரான் கொடுப்பவற்றைக் கூட்டும் என்பதால் தற்சார்பு ஐயா சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. மூன்று ஆண்டு என்ற கணக்குக்குத்தான் ஆதாரமில்லை.

கடையில் கிடைக்கும் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் பயிர் நோய்ப் பூஞ்சைகளை அடக்குவதற்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்படுவது. அதில் லின்-ஏ, லின்-பி நொதிகளுக்கான லின் மரபணுக்களை எதிர்பார்க்க முடியாது. பேரினம் ஒன்றாயிருப்பதால் அட்ரசின் தின்னும் வகையின் திறன் இதற்கும் இருக்கும் என்று கொள்ள இயலாது. சரி, ஸ்பிங்கோபியத்தையே கொண்டுவந்து இட்டால்? உங்கள் நிலத்தில் இருப்பதுபோன்ற மிகச் சிறிய அளவு எச்சம் ஒரு பாக்டீரியாக் கூட்டத்தை வாழவைக்கப் போதாது. மேலும் முப்பது ஆண்டுப் பழைய எச்சம் மட்கின் நுண்துளைகளுக்குள் ஒடுங்கியிருக்கும். ஆய்வகக் கரைப்பான் அதை வெளியே இழுத்துவிடும், பாக்டீரியாவோ அந்தத் துளைக்குள் நுழையவே முடியாது. லிண்டேன் ஆலைக் கழிவு கொட்டிய இடங்களில் இம்முறைக்குப் பொருளுண்டு, சாதாரண வயலில் செலவுதான் மிஞ்சும்.

குளோர்பைரிபாஸ் பற்றி ஒரு திருத்தம். அது ‘இல்லை’ என்ற அறிக்கையை ‘மறைந்தது’ என்று படிக்க வேண்டாம். அது உடைந்தவுடன் உருவாகும் டி.சி.பி. என்ற மூன்று குளோரின் கொண்ட பிரிடினால், தாய்ப்பொருளைவிட நீரில் எளிதில் நகர்வது, சில பாக்டீரியாக்களையே அடக்குவது. வழக்கமான எச்சப் பரிசோதனைப் பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது. கிணற்று நீரில் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கடலையைப் பொறுத்தவரை கவனம் தேவை. காய் மண்ணுக்குள்ளேயே முற்றுவதாலும் பருப்பில் பாதியளவு எண்ணெய் என்பதாலும், குளோரின் மிகுந்த பழைய மருந்துகள் மண்ணிலிருந்து அதில் ஏறுவது முன்பே அறியப்பட்ட ஒன்று. செடிகளும் அயல்பொருளுடன் குளுட்டாதயோனையோ சர்க்கரையையோ இணைக்கும். கழிவை வெளியேற்ற வழியில்லாததால் அதை உயிரணுவின் நுண்குமிழுக்குள் ஒதுக்கிவைக்கும். மக்காச்சோளம் அட்ரசினைத் தாங்குவது இத்தகைய நொதிகளால்தான். நொதிக்குப் பிடிகொடுக்காத பீட்டா போன்றவை அப்படியே எண்ணெயில் கரைந்து நிற்கும்.

அடுத்த அறுவடையில் மண்ணோடு நிறுத்தாமல், தோலுரித்த பருப்பையும் செக்கில் ஆட்டிய எண்ணெயையும் தனித்தனியாகக் கொடுத்து, ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்ற நான்கு மாற்றியங்களின் அளவையும் பிரித்துத் தருமாறு ஆய்வகத்தில் எழுதிக் கேளுங்கள். எண்ணெயில் கண்டறியும் அளவுக்கு இருந்தால் அந்த வயலில் கடலைக்குப் பதில் உளுந்தோ கம்போ சில ஆண்டுகள் போடலாம். நெல்லை நிறுத்த வேண்டியதில்லை.